காற்று போகிற வழியில் ஓர் அடுப்பு

1

சேலையூரில் நாங்கள் இருந்த காலனியின் நலச் சங்கம் இந்த வருஷமும் ஆண்டு மலர் போடுகிறது. அதில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குவார்கள். போன மலரில் எழுதியவருக்குக் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை. பாலம், கடற்கரை, திராட்சைத் தோட்டம் என்று படத்தோடு அசத்தியிருந்தார். இந்த முறை செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். நயாகரா பற்றி எழுதுங்களேன் என்று யோசனை வேறு. நான் இருப்பது கனடாவில் அல்பெர்ட்டா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். இங்கிருந்து நயாகராவுக்குக் கார் ஓட்டினால் நாலு நாள் ஆகும். தாம்பரத்துக்காரரிடம் தாஜ்மகால் எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் இது.

எனக்குத் தெரிந்தது என் வண்டி. பழுதாகி வழியில் நிற்கிற வாகனங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற டீசல் வண்டி. நம் ஊரில் ரெக்கவரி வண்டி என்போமே, அதேதான். இந்த மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து எட்டு வருஷம். இன்று காலையில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. அந்த நிம்மதியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி கிளம்புவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு தடவை மைனஸ் முப்பதில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் பேசலாம்.

2

வந்த புதிதில் ஒரு வருஷம் ஊர்க்கோடியிலுள்ள இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நான் வீட்டுக்கு வரும்போது என் மனைவி வசந்தா வேலைக்குக் கிளம்புவாள். மாடிப்படியில் பார்த்துக்கொள்வோம். பிறகு ஒரு கிழவரின் இழுவை வண்டி நிறுவனத்தில் சேர்ந்தேன். அதற்கு ஒரு விண்ணப்பம். முன் அனுபவம் என்ற கட்டத்தில், தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் இப்ராகிம் பாயோடு பதினோரு வருஷம் லாரி இழுத்ததை எழுதினேன். அதற்குச் சான்றிதழ் வேண்டுமாம். பாய் தன் பட்டறை ரசீதுத் தாளிலேயே, "இவர் நல்ல மெக்கானிக், நம்பலாம்" என்று தமிழில் எழுதி, கிரீஸ் படிந்த விரலோடு முத்திரை குத்தி அனுப்பினார். அதை மொழிபெயர்க்க ஓர் அலுவலகம், மொழிபெயர்ப்பு சரிதான் என்று கையெழுத்துப் போட இன்னோர் அலுவலகம். கடைசியில் கிழவர் அதைப் படிக்கவே இல்லை. ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்து, நான் அதைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அங்கே சேர்ந்த முதல் மாதத்திலேயே மானத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரின் காரில் தெர்மாஸ்டாட் கெட்டிருந்தது. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற சின்ன வால்வு அது. நம் ஊரில் அதற்கு நடப்பது உங்களுக்கே தெரியும். கழற்றித் தூர எறிவோம். வெயில் ஊரில் இஞ்சினை எவன் சூடாக்குவான்? பாயின் பட்டறையில் அப்படிக் கழற்றிய வால்வுகளைக் கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கடைக்குப் பூமாலை மாதிரி அது. நானும் பழக்கத்தில் கழற்றி எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்றேன். மறுநாள் அந்தக் காருக்குள் சூடான காற்றே வரவில்லை என்று வாடிக்கையாளர் நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். கிழவர் திட்டவில்லை. அந்தக் காரை என்னிடம் கொடுத்து, ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு வா என்றார். சுற்றிவிட்டு வந்ததும் என் காசிலேயே புது வால்வு வாங்கி மாட்டினேன்.

பட்டும் புத்தி வரவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

3

கிழவர் தொழிலை விட்டபோது அவருடைய வண்டியை நானே வாங்கிக்கொண்டேன். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்த வண்டியில்தான் என் மகள் ஹேமாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. குளிரில் அழுவாள். இந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். காற்று உள்ளே போகிற வழியில் ஒரு சூடேற்றி இருக்கிறது. அது காற்றைச் சூடாக்கி முடிக்கும்வரை பொறு என்று அந்த விளக்கு சொல்கிறது. எவ்வளவு குளிரோ அவ்வளவு நேரம். விளக்கு அணைந்தபிறகுதான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். அந்த நேரம் குழந்தை அழாமல் இருக்க, இஞ்சின் தூங்குகிறது, நாம் எண்ணினால் எழுந்துவிடும் என்று சொல்லி ஒன்று, இரண்டு என்று எண்ண வைத்தேன். என்ன குளிரானாலும் முப்பதுக்குள் விளக்கு அணைந்துவிடும்.

இரண்டு மூன்று வருஷம் சத்தமாக எண்ணினாள். பிறகு நின்றுவிட்டது. காதில் பாட்டுக் கேட்கிற குமிழ் வந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் தோள் குலுக்கல். சாப்பிட்டாயா என்றால் ம். பள்ளியில் என்ன நடந்தது என்றால் ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையிலேயே இருந்தாள், ஆனாலும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். அதட்டினால் இன்னும் தள்ளிப் போவாள் என்று பயந்து பேசாமல் ஓட்டுவேன். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

4

போன வருஷம் பள்ளிகளுக்குச் சின்னப் பேருந்துகள் ஓட்டுகிற ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. அவர்கள் வண்டி எங்கே நின்றாலும் அரை மணிக்குள் நான் போய் நிற்க வேண்டும். ஒரு குளிர்காலம் பார்க்கிறோம், சரியாக வந்தால் தொடர்ந்து தருகிறோம், ஜூலையில் சொல்கிறோம் என்றார் அங்கிருந்த மேலாளர் அம்மா. அது கிடைத்தால் சொந்தத் தொழில் நிலைக்கும். போனால் மறுபடியும் இறைச்சித் தொழிற்சாலை, மாடிப்படி.

சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி இளைக்க ஆரம்பித்தது. சுமையோடு மேட்டில் ஏறினால் கறுப்புப் புகை, உஸ்ஸென்று ஒரு சத்தம். தேடிப் பார்த்தால் இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல். இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுக்கிற அலுமினியக் குழல் அது. காற்று வழியிலேயே கசிந்தால் இஞ்சினுக்கு ஏது பலம்? வண்டி செய்த நிறுவனத்தில் கேட்டால் வர மாதக்கணக்காகும் என்றார்கள். வெளித் தயாரிப்பில் மூன்று வகை இருந்தது. ஒன்று பழையதைப் போலவே குறுகலானது. இன்னொன்று கறுப்பாக, மூக்கு வீங்கியவனைப் போல அவலட்சணமாக இருந்தது. வழி கொஞ்சம் அகலம், சூடேற்றி பொருத்த இடமும் உண்டு. மூன்றாவது பார்த்தாலே ஆசை வரும். கண்ணாடி மாதிரி மெருகு, நல்ல அகலம், உள்ளே ஒரு தடையும் கிடையாது. சூடேற்றிக்கு இடமே வைக்கவில்லை.

இப்ராகிம் பாய்க்குப் போன் போட்டேன். வண்டி விஷயத்தில் பாயைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. மூன்றையும் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் சூடேற்றி என்றதும் நிறுத்தினார்.

"இன்னா சேகரு, காத்து போற வழில எவனாவது அடுப்பு வெப்பானா? அத்தத் தூக்கிப் போடு. காத்து ஃப்ரீயா வரட்டும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பாயும் நானும் ஒரே வெயிலில் வெந்தவர்கள். காற்று தாராளமாக, குளுமையாகப் போனால் இஞ்சின் இழுக்கும் என்பது எங்கள் வேதம். நான் போன் பேசியது செப்டம்பர் மாதத்து மதியம், வெளியே நல்ல வெயில். மெருகிட்ட குழலின் விளம்பரத்தில் குளிர்ப் பகுதிகளுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்தேன், பொய் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் இஞ்சினைச் சூடாக வைக்க ராத்திரி வண்டியின் வயரை வீட்டு மின்சாரத்தில் செருகி வைக்கிறோமே, அதிலேயே இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாட்டிய பிறகு வண்டி ஓடிய அழகைச் சொல்லி முடியாது. மேட்டில் புகை இல்லை, சுமை இருப்பதே தெரியவில்லை. பாய்க்கு இரண்டு முறை போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். டிசம்பர் முடியும்வரை வீட்டு மின்சாரத்தின் தயவில் காலை தவறாமல் கிளம்பியது.

5

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஹேமாவுக்கு நகராட்சியின் உள்ளரங்க நீச்சல் குளத்தில் போட்டி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அங்கே செருக மின்சாரம் இல்லை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு, காற்று வேறு. போட்டி முடிந்து ஈரத் தலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு அவள் வந்து ஏறினாள். அப்போதுதான் போன் வந்தது. வெளியூர் விளையாட்டுக்குப் போன பள்ளிக் குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு பேருந்து நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, உள்ளே ஹீட்டரும் ஓடுகிறது, ஆனால் உடனே வர வேண்டும். இதோ வருகிறேன் என்றேன்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. சூடேற்றியைத்தான் நான் கழற்றிவிட்டேனே, அது விளக்குக்கு எங்கே தெரியும்? எரிய வேண்டிய நேரம் எரிந்து அணைந்தது. இஞ்சின் சுற்றியது. வெள்ளைப் புகை தள்ளியது. பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் வெள்ளைப் புகைதான்.

அந்த நிசப்தத்தில் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மிக மெதுவாக, பழகிய தாளத்தில் வந்தது.

"இருபத்தெட்டு, இருபத்தொம்போது, முப்பது."

அங்கே நின்றுவிட்டது. நான் இன்னொரு முறை சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. அவள் காதிலிருந்த குமிழைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, முப்பதுக்கு அப்புறம் என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக முப்பதோடு வண்டி கிளம்பிவிட்டது. தினமும் காலையில் பாட்டுக் கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்த பெண், உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் முப்பத்தொண்ணு என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் சாவியைத் திருப்பத் திருப்ப, முப்பத்திரண்டு, முப்பத்துமூணு என்று சொல்லிக்கொண்டே போனாள். நாற்பதை நான் எடுத்துக்கொடுத்தேன். நாற்பத்தாறில் பேட்டரி இறங்கிவிட்டது.

மேலாளர் அம்மாவுக்குப் போன் செய்து, என் வண்டி கிளம்பவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவசரத்தில் நம் ஊர் ஆங்கிலம் வாயில் வந்து, வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்றேன். ரிப்பேர் ஆகிவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்றல்லவா இங்கே அர்த்தம். மகிழ்ச்சி, எத்தனை நிமிடத்தில் வருகிறீர்கள் என்றார். ஹேமாதான் போனை வாங்கி விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள். வேறு ஒருவன் போய்ப் பேருந்தைத் தூக்கிவிட்டான். குழந்தைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, இது முதல் தடவை, இரண்டாவது தடவை என்று ஒன்று இருக்காது என்றார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நான் வெட்கப்பட்டேனா சந்தோஷப்பட்டேனா என்று வசந்தாவுக்கே விளங்கவில்லை. தொழில் கைநழுவுகிற நேரத்தில் இப்படிச் சிரிக்கிறீர்களே என்றாள்.

6

மறுநாள் பாய்க்குப் போன் போட்டேன். திட்ட வேண்டும் என்றுதான் போட்டேன். ஆனால் நடந்ததை மட்டும்தான் சொன்னேன். விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படித்தவன் நான்தானே.

"தப்பு என்னுதுதான் சேகரு. நான் குளிர எங்க கண்டேன்? மார்கழில மப்ளர் சுத்திகினு டீ குடிச்சா அதான் எனக்குக் குளிரு. அந்தக் கறுப்புச் சாமானையே வாங்கிப் போடு. இத்த இங்க எடுத்துகினு வா, நான் பாத்துக்கறேன்."

மூக்கு வீங்கிய கறுப்புக் குழலை வாங்கி, பழைய சூடேற்றியைத் துடைத்து அதில் உட்கார வைத்தேன். மேட்டில் மெருகிட்டதன் வேகம் இதற்குக் கிடையாதுதான். ஆனால் மைனஸ் முப்பத்திரண்டில், மின்சாரம் செருகாமல் வேண்டுமென்றே வெளியே விட்டுவைத்து, ஹேமாவை உட்கார வைத்துச் சோதித்தேன். முப்பது சொல்லி முடிக்கவும் விளக்கு அணைந்தது, இஞ்சின் பிடித்தது. மார்ச் முடியும்வரை எத்தனையோ அழைப்பு வந்தது. ஒன்றுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஜூலையில் என்ன சொல்வார்களோ என்ற பயம் போகவில்லை.

7

ஜூலையில் என் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலையூர் வந்தோம். பட்டுப் புடவைகளுக்கு நடுவே மெருகிட்ட மேனிஃபோல்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். இது என்ன என்றார். காற்றுக் குழல் என்றேன். எதற்கு என்றார். லாரிக்கு என்றேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றீர்களே என்றார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். பழையதுதானே என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வசந்தா வாசல்வரை புடவைகளில் கிரீஸ் தேடிக்கொண்டே வந்தாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் கேம்ப் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலைத் திறந்தேன். ஹேமாவும் கூட வந்தாள். மேலாளர் அம்மாவின் கடிதம் வந்திருந்தது. நான் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன், அவளே படித்தாள். மூன்று வருஷத்துக்கு வேலை என்னுடையது. கடைசியில் ஒரு வரி, வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பதற்கு நன்றி என்று. நான் அந்தக் கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்து இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம். இரண்டாவது தம்ளரும் குடித்தோம்.

அங்கிருந்து நேரே பாயின் பட்டறைக்குப் போனோம். பாயிடம் இருக்கிற ரெக்கவரி லாரிக்கும் என் வண்டிக்கும் இஞ்சின் ஒரே குடும்பம். மெருகிட்ட குழலை நான் கொண்டுபோய்க் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு துளை மட்டும் பொருந்தவில்லையாம், புதிதாகப் போட்டுக்கொண்டார். கறுத்துப்போன இஞ்சின் மேல் அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சந்தனம் குங்குமம் வைத்திருந்தான் யாரோ வேலையாள், பாய் அதைத் துடைக்கவில்லை.

"குளிர் நாட்டுக்காரன் செஞ்சி அனுப்பிக்கிறான், ஆனா இது நம்ம ஊருக்குன்னே பொறந்த சாமான் மச்சான்" என்றார். பிறகு ஹேமாவைப் பார்த்து, "ஏறும்மா, ஒரு ரவுண்டு வரலாம்" என்றார்.

மூன்று பேரும் முன் இருக்கையில் ஏறினோம். வெயிலில் இருக்கை சுட்டது. பாய் சாவியில் கையை வைத்தார். ஹேமா பழக்கத்தில் முதுகை நேராக்கிக்கொண்டு, "ஒண்ணு" என்றாள்.

அதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

அவள் அடுத்த எண்ணை வாயில் வைத்துக்கொண்டு விழித்தாள். அவ்வளவுதானா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். பாய்க்குக் கேள்வி புரிந்துவிட்டது. "இங்க அவ்ளோதாம்மா. எண்றதுன்னா நீ உங்க ஊருக்குத்தான் போவணும்" என்று சிரித்தார். உங்க ஊர் என்று அவர் சொன்னது கனடாவை. வேறு யாராவது என் மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். அன்று இல்லை. அந்தக் குளிரில் உட்கார்ந்துதானே இந்தத் தமிழைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அவள் ஊர் அதுதான், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியது. புகையில்லை, சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். ஹேமா வெளியே பார்த்துக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து தானாகவே தொடர்ந்தாள். ரெண்டு, மூணு என்று. இரும்புலியூரில் முப்பதைத் தாண்டினாள். அங்கே ஒரு நொடி தயங்கவில்லை. எதிரே வந்த பேருந்துகளின் ஹாரனில் சில எண்கள் காணாமல் போயின. நான் குறுக்கே பேசவில்லை. ஐம்பது, அறுபதுகளில் தடுமாறி, தானே திருத்திக்கொண்டு, பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோது நூறு என்றாள். எங்கள் இருவர் பக்கமும் திரும்பினாள்.

"நூறுக்கு அப்புறம் என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நூத்தியொண்ணு."